தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குத் தனியாகப் போகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையிலிருந்து மலேசியா வந்து தாப்பாவில் தங்கியிருக்கிறேன். என் தாத்தா இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். வரும் ஞாயிறு வாடகைக் காரில் 59ஆம் எண் சாலை வழியாகக் கேமரன் மலை ஏறுகிறேன். இங்கும் சாலையின் இடப்பக்கம்தான் என்பதால் ஓட்டுவதில் பயமில்லை. வளைவுகள்தான் யோசிக்க வைக்கின்றன. மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டால் அதே வழியில் இறங்கலாமா, சிம்பாங் பூலாய் பக்கம் சுற்றி வருவது நல்லதா? லாத்தா இஸ்கந்தார் அருவியருகே காரை நிறுத்த இடம் கிடைக்குமா?

அடுத்தது சாப்பாடு; எனக்கு இதுதான் முக்கியம். நேற்றுக் காலை ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் ரொட்டி சானாய் மாவை வீசி வீசிக் காகிதம்போல் விரித்து, மடித்துக் கல்லில் போட்டார். பருப்புக் குழம்பில் தோய்த்து இரண்டு சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவுக்கு உறவுதான், ஆனால் ருசி வேறு. அப்படி உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் இடங்களாகச் சொல்லுங்கள். ஓராங் அஸ்லி எனும் பழங்குடி மக்கள் சாலையோரம் விற்கும் பெத்தாயை (கடும் வாசனையுள்ள ஒருவகைப் பயறு) சம்பல் என்ற மிளகாய் விழுதில் வதக்கித் தரும் கடை எங்கே இருக்கிறது? மலைமேலுள்ள தானா ராத்தா ஊரில் வாழை இலைச் சாப்பாடு எத்தனை மணிவரை கிடைக்கும்? தெரிந்த அக்கா, அண்ணன்மார் சனிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.