புதுப்பிப்பு: வால்நட் துப்பாக்கிக் கட்டை அறுப்பு, கழுத்துப் பகுதி பற்றி ஒரு திருத்தம்

துப்பாக்கியின் மரப் பிடியான கட்டையை அறுக்க, காஷ்மீர் வால்நட் பலகையில் பூ ரேகை (அலையாகவும் சுழலாகவும் ஓடும் அழகு ரேகை) அடர்ந்த இடம் பார்த்து அச்சை, அதாவது கட்டையின் வடிவ மாதிரியை, வைத்து வரையச் சொல்லியிருந்தேன். அது பாதிதான் சரி. முதலில் பார்க்க வேண்டியது கழுத்து, கை பிடிக்கும் அந்த மெலிந்த இடம். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் பின்னுதைப்பில் முறிவது அங்கேதான். அங்கே ரேகை கழுத்தின் சரிவோடு ஓடணும். குறுக்கே போனால் எவ்வளவு அழகான பலகையானாலும் ஒதுக்கிவிடுங்கள். பூ எல்லாம் தோளில் படும் பின்பகுதியில் விழட்டும், அங்கே அழுத்தம் குறைவு.

அச்சு அட்டையில் வேண்டாம், 3 மி.மீ. தெளிவான அக்ரிலிக்கில் வெட்டுங்கள், அடியில் ரேகை தெரியும். பலகையின் இரண்டு முகத்திலும் வைத்துப் பாருங்கள். மேலே நேராக ஓடும் ரேகை அடியில் விலகியிருக்கலாம். தடிமன் 65 மி.மீ. விடுங்கள், உலரும்போது கோணினால் இழைக்க இடம் வேண்டும்.

அறுத்த அன்றே முனைகளில் மெழுகு பூசணும். பெங்களூருவில் பிப்ரவரி, மார்ச் காற்று வறண்டது, பூசாத முனை விரிசல் விடும். பூ ரேகைக்கு மேலேயும் பூசுங்கள்: நார் அங்கே முகத்திலேயே வாய் திறந்திருக்கிறது, ஈரம் வேகமாகப் போய் மயிரிழை வெடிப்பு வரும்.

மாதம் ஒருமுறை எடை போட்டுக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் செதுக்கலாம்.