பாத்திரம் கழுவுவதும் ஜெபமாகுமா? வீட்டு வேலையைக் கர்த்தருக்கென்று செய்வது எப்படி?

சிறுமந்தை கேட்டது:

கர்த்தருக்குள் அன்பான வாழ்த்துக்கள். “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” (கொலோசெயர் 3:23) என்ற வசனம் வீட்டு வேலைக்கும் பொருந்தும் என்பதில் சந்தேகமில்லை. நடைமுறையில் எப்படி என்பதுதான் கேள்வி. அழுக்குத் துணி பாவத்தைக் குறிக்கிறது, விளக்குமாறு மனந்திரும்புதலைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் ஒட்டினால் கொஞ்ச நாளில் அது சலித்துப்போகிறது. பிரசங்கத்தைப் போட்டுவிட்டு வேலை செய்தால் பிரசங்கமும் மனதில் நிற்பதில்லை, வேலையும் அரைகுறையாகிறது. எந்த வேலையில் தொடங்குவது, என்ன சொல்லி ஜெபிப்பது, மனம் அலைந்தால் என்ன செய்வது? தனி ஜெபநேரத்துக்கு இது ஈடாகுமா?

ஒலிவ இலை:

கடைசிக் கேள்விக்கு முதலில்: ஈடாகாது. தனி ஜெபத்தில் வாசித்த வசனம்தான் வேலை நேரத்தில் திரும்ப வரும். காலையில் ஒன்றும் வாசிக்காவிட்டால், வேலையின்போது நினைக்க நேற்றைய கவலைகள்தான் இருக்கும்.

ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். கை பழகியதாக, தினமும் வருவதாக, பத்து இருபது நிமிடத்தில் முடிவதாக இருக்கட்டும். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, பெருக்குவது மூன்றும் ஏற்றவை. இரண்டு அடுப்பும் எரியும்போது சமையல் ஏற்றதல்ல, குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அப்படியே. அங்கே முழுக் கவனமும் வேலையில் இருப்பதே அன்பு.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவியாக இருந்த சகோதரர் லாரன்ஸ் பல ஆண்டுகள் மடத்துச் சமையற்கட்டில் உழைத்தார். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதது. அவர் கடைப்பிடித்த வழி எளிமையானது. தொடங்குமுன் ‘இந்த வேலையிலும் என்னோடு இரும்’ என்று கேட்பார், நடுவே சில சொற்களில் தேவனோடு பேசுவார். முடித்ததும் எப்படிச் செய்தோம் என்று பார்ப்பார். நன்றாகச் செய்திருந்தால் நன்றி சொல்வார். இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டு, சோர்ந்துவிடாமல் மறுபடி தொடர்வார். மனம் அலைவதற்கும் இதுவே பதில். அலைந்ததற்காக உங்களையே நொந்துகொண்டால் அதுவும் இன்னொரு அலைச்சலாகிவிடும்.

குழாயைத் திறக்கும் முன்பே ஜெபத்தைத் தொடங்குங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் அவசரம் முந்திக்கொள்ளும். வாசகம் ஒரு மூச்சில் அடங்கட்டும்: “தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” (லூக்கா 18:13) போதும். நீண்ட சங்கீதத்தை எடுத்தால் பாதியில் அடுத்த வரி மறந்து, ஜெபம் ஞாபகப் பரீட்சையாகிவிடும். வசனத்தை எழுதிச் சுவரில் ஒட்டுவதானால் வாரம் ஒருமுறை மாற்றுங்கள்; கண்ணுக்குப் பழகிய தாளை யாரும் படிப்பதில்லை. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

மூலைக்கல்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிமடங்களுக்கென்று எழுதிய ஒழுங்குமுறையில் 35ஆம் அதிகாரம் முழுவதும் சமையற்கட்டு முறைப்பணி பற்றியதுதான். சகோதரர்கள் வாரத்துக்கு ஒருவராக மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரம் முடிக்கிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மற்றவர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும். முடிக்கிறவரும் புதிதாக ஏற்கிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும், தனக்குத் துணைசெய்து தேற்றிய தேவனுக்கு முடித்தவர் மூன்றுமுறை ஸ்தோத்திரம் சொல்வார். ஏற்கிறவரும் மூன்றுமுறை சொல்வார்: “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்” (சங்கீதம் 70:1).

இதை வீட்டில் அப்படியே செய்யலாம். முறை மாறும் நாளில் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஆளுக்கொரு வரி சொல்லட்டும், ஒரு நிமிடம் போதும். பலர் கவனிக்காத பகுதி இன்னொன்று உண்டு: பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுக்கச் சொல்கிறார் பெனடிக்ட். முறுமுறுக்காமல் ஊழியம் செய்யத்தான். பலவீனமானவர்களுக்குத் துணையாளும் கொடுக்க வேண்டும் என்கிறார். ஆகவே பசியோடும் களைப்போடும் வேலை செய்யும்போது எரிச்சல் வந்தால், உடனே அதை ஆவிக்குரிய குறைவு என்று எண்ண வேண்டாம். முதலில் சாப்பிடுங்கள்.

எண்ணெய்க்குடம்:

வேலைக்கு அடையாள அர்த்தம் ஒட்டுவது பற்றி நீங்கள் சொன்னது சரி. யோவான் 21ஐப் பாருங்கள். உயிர்த்தெழுந்த கர்த்தர் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். இரவெல்லாம் வலை இழுத்த சீஷர்கள் நிஜமாகவே பசியாறினார்கள். பசித்தவருக்குச் சமைப்பது அன்பின் செயலாக இருக்க வேறு அர்த்தம் எதையும் அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. அதனால் வேலையின் தரமும் காணிக்கையில் சேர்ந்ததுதான். பிசுக்குப் போகாத பாத்திரத்தை ஜெபித்துக்கொண்டு கழுவினாலும், அடுத்து சாப்பிடுகிறவருக்கு அது பிசுக்குள்ள பாத்திரமே.

துணி மடிப்பது பரிந்துபேசும் ஜெபத்துக்கு, அதாவது பிறருக்காக வேண்டுவதற்கு, மிகவும் ஏற்றது. முதலில் ஆளுக்கொரு குவியலாகப் பிரித்துவிட்டு, பிறகு மடியுங்கள். பிரிக்காமல் மடித்தால் ஜெபம் ஆளுக்கு ஆள் தாவும். ஒவ்வொரு குவியலுக்கும் முதலில் ஒரு நன்றி, பிறகு ஒரு விண்ணப்பம். நன்றியை விட்டுவிட்டால் சில நாட்களில் அது தேவனிடம் சொல்லும் புகார்ப் பட்டியலாக மாறிவிடும்.

கொலோசெயர் 3:23 பற்றி ஓர் எச்சரிக்கை. அது வேலைக்காரரை நோக்கிச் சொல்லப்பட்டது. சற்றே தள்ளி 4:1இல், நீதியும் செவ்வையுமானதைச் செய்யும்படி எஜமான்களுக்குக் கட்டளை இருக்கிறது. முதலாவதை மட்டும் எடுத்து, வீட்டில் ஒருவர் தலையிலேயே எல்லா வேலையையும் சுமத்துவது வேதத்தைப் பாதி வாசிப்பது. சீஷருடைய கால்களைக் கழுவிய இயேசு ஆண்டவரும் போதகருமானவர், சீஷரும் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்றார். தம்மை வீட்டில் ஏற்றுக்கொண்டு பணிவிடையில் வருந்திய மார்த்தாளிடமும் அவர் வேலையை விடு என்று சொல்லவில்லை. “அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்றார். யோவான் 12இல் அவள் மறுபடி பணிவிடை செய்கிறாள், அங்கே கண்டிப்பு இல்லை.

சிறுமந்தை:

மூவருக்கும் நன்றி. இரவுப் பாத்திரத்தில் தொடங்குகிறேன். வீட்டில் பிள்ளைகளையும் சேர்க்கலாமா?

மூலைக்கல்:

சேர்க்கலாம், ஆனால் தண்டனையாகக் கொடுத்த வேலையோடு ஜெபத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டின்மேலும் வெறுப்பு வரும். நீங்கள் கழுவ, பிள்ளை துடைத்து அடுக்கட்டும். கண்ணாடியையும் கத்தியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு வரி பிள்ளை சொல்லட்டும், முடிவில் நன்றியை நீங்கள் சொல்லுங்கள். நடுவில் பிள்ளை பேச விரும்பினால் பேசவிடுங்கள்.