இழை: சர்க்கரைக்கும் சீமானுக்கும் ஒரே சொல் வேண்டும்

செ. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரலாற்றுப் பாடத்தை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சர்க்கரை ஆலைக்கும் சீமான் வீட்டுக் கூடத்துக்கும் ‘ரிஃபைன்மென்ட்’ (கசடு நீக்கல், பண்பட்ட நேர்த்தி) என்ற ஒரே சொல்லை வழங்கினார்கள். பாடத்தின் உயிரே அந்த இரட்டைப் பொருள்தான். கரீபியத் தீவான பார்படோஸின் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் சேர்த்த செல்வத்தைக் கொண்டு லாசெல்ஸ் குடும்பம் 1759இல் யார்க்‌ஷயரில் ஹேர்வுட் மாளிகையைக் கட்டத் தொடங்கியது. ‘சுத்திகரிப்பு’ என்றால் எண்ணெய் ஆலைதான் நினைவுக்கு வருகிறது.

ஞா. எழுதியது:
நயம். வள்ளுவர் ‘நயத்தக்க நாகரிகம்’ என்றார். மளிகைக்கடைக்காரர் ‘நயம் சரக்கு’ என்கிறார். வேறென்ன வேண்டும்?

மா. எழுதியது:
ஐயா, குறளை முதலிலிருந்து படியுங்கள். ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்.’ அங்கே நாகரிகர் தாமே நஞ்சை உண்கிறார். இங்கே நஞ்சு வேறொருவர் வாயில், இனிப்பு இவர்கள் தேநீரில்.

ஞா. எழுதியது:
சங்கத் தமிழில் ‘நகர்’ என்றால் மாளிகை. அதிலிருந்து பிறந்தது நாகரிகம். ஹேர்வுட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறதே!

கா. எழுதியது:
நாகரிகம் வடசொல். சர்க்கரையும் வடசொல்தான், மூலத்தில் பரல், சரளைக்கல் என்று பொருள். ‘சீனி’ என்றாலோ சீனத்துக்குப் போக வேண்டும். செ.யின் வெள்ளிக்கிழமை என்ன ஆவது?

மா. எழுதியது:
என் பரிந்துரை ‘வெளுப்பு’. கூம்பு அச்சில் வார்த்த சர்க்கரையின் தலையில் ஈரக் களிமண்ணை அப்புவார்கள். நீர் கசிந்து இறங்கிப் பழுப்புப் பாகைக் கழுவிக்கொண்டு போகும். லண்டன் ஆலைகளில் பாகைத் தெளியவைக்க மாட்டிரத்தம் ஊற்றினார்கள். நம் ‘வெளுத்தல்’ வெண்மையாவதையும் துவைப்பதையும் அடிப்பதையும் ஒருசேரச் சொல்கிறது. 1757இல் சுவைக்கு அளவுகோல் தேடிக் கட்டுரை எழுதிய ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம்தான், 1753இல் வேறொரு கட்டுரையில் சேர்த்த அடிக்குறிப்பில், கறுப்பினத்தார் வெள்ளையருக்கு இயல்பிலேயே தாழ்ந்தவர் என்று ஐயுறுவதாக எழுதினார். ‘நயம்’ இதையெல்லாம் மறைத்துவிடும்.

ஞா. எழுதியது:
வெளுப்பு என்றால் மாணவன் சலவைக்கடைக்குப் போய்விடுவான்.

கா. எழுதியது:
எனக்கும் நயமே போதும். பாடத்தில் வரும் ‘டேஸ்ட்’ நல்லவேளையாகத் தொல்லை தரவில்லை. நாவுக்கும் கலைக்கும் நம்மிடம் சுவை ஒன்றுதான். ‘ரசனை’ வேண்டாம், 1791இல் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை மறுத்த குடும்பங்களைப் பற்றி எழுதும்போது நாக்கு தேவைப்படும்.

செ. எழுதியது:
‘நயம்’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘வெளுப்பு’ என்று போட்டிருந்தேன், பதிப்பாசிரியர் எடுத்துவிட்டார்.

மா. எழுதியது:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘நகர்’ பற்றி ஐயா சொன்னதற்குத் தனி இழையில் வருகிறேன்.