கலப்பினச் செடிகளில் உட்கருவும் கணிகமும் ஒத்துப்போகாத நிலை: ஒரு சொல்

> "உட்கரு-பசுங்கணிக ஒவ்வாமை என்றே வைத்துக்கொள்ளலாமே?"

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

'ஒவ்வாமை' வேண்டாம் என்பேன். மருத்துவத்தில் அது எப்போதோ நிலைத்துவிட்டது. செடிக்குத் தூசியோ மகரந்தமோ சேரவில்லை என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். நம் உரையாடலில் முன்பு யாரோ சொன்ன 'குறைபாடு' என்ற சொல் இன்னும் தவறான திசையில் கொண்டுபோகும். இங்கே உட்கரு, கணிகம் (செல்லுக்குள் தனக்கென டிஎன்ஏ கொண்ட நுண்ணுறுப்பு; பச்சையம் உள்ளது பசுங்கணிகம்) என்ற இரண்டு தரப்பிலும் பழுது கிடையாது.

பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் உட்கருவையும் புகையிலையின் பசுங்கணிகத்தையும் ஒரே செல்லில் சேர்த்துச் செடியாக வளர்த்தால் அது வெளிறிப்போகிறது. மாற்றிச் சேர்த்தால் பச்சையாகவே வளர்கிறது. புகையிலைக் கணிகத்தில், ஏடிபி சின்தேஸ் என்ற, ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் நொதியின் ஆல்ஃபா துணையலகுக்கான ஆர்என்ஏவில், ஓரிடத்தில் இருக்கும் சைட்டோசின் என்ற 'எழுத்தை' யுராசில் என்ற எழுத்தாகத் திருத்த வேண்டும். அதைச் செய்யும் புரதத்தை உட்கருதான் அனுப்ப வேண்டும். பெல்லடோனாவின் கணிக டிஎன்ஏவிலோ அந்த எழுத்து ஏற்கெனவே சரியாக இருக்கிறது. திருத்தும் வேலையே இல்லாததால் அதன் உட்கருவிடம் அந்தத் திறனும் இல்லை. ஒரே ஓர் எழுத்து! தத்தம் இனத்தில் இரண்டும் நலமே, சேர்ந்த பிறகுதான் சிக்கல்.

ஆகவே என் பரிந்துரை: உட்கரு-கணிகப் பிணக்கம். பிணக்கம் இருவருக்கு இடையில்தான் வரும். யார்மேலும் குறை சுமத்தாது. இணக்கம் என்ற எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. எல்லாக் கலப்பும் வெளிறிச் சாவதில்லை, சிலவற்றில் ஒளிச்சேர்க்கை சற்றே மந்தமாகும், அவ்வளவுதான். அதை 'இலேசான பிணக்கம்' என்று இயல்பாகச் சொல்லிவிடலாம்.

'பசுங்கணிகம்' என்னாமல் 'கணிகம்' என்றதற்கும் காரணம் உண்டு. வெளிறிய இலையில் பசுமையே இல்லை. ஆனால் கணிகமும் அதன் மரபணுத்தொகையும் அங்கேதான் இருக்கின்றன. ஈனோத்தெரா என்ற பூச்செடிகளில் தாவரவியலாளர் ஓட்டோ ரென்னர் கண்டது இதைத்தான்: அதே உட்கரு ஒருவகைக் கணிகத்தோடு பச்சை, இன்னொரு வகையோடு வெளிறல். அந்தச் செடிகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் கணிகம் வருவதால், ஒரே நாற்றில் பச்சைத் திட்டும் வெளிர்த் திட்டும் அருகருகே தெரியும்.

ரூபிஸ்கோவை (ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி) பாடநூலில் விளக்கும்போதும் இந்தச் சொல் உதவும். அதன் 8 பெரிய துணையலகுகளுக்கு மரபணு கணிகத்தில், 8 சிறியவற்றுக்கு உட்கருவில். இப்படி இரண்டு இடத்துப் பாகங்கள் பொருந்த வேண்டிய இடத்திலெல்லாம் இணக்கமா பிணக்கமா என்று கேட்கலாம்.

அப்புறம், மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'உட்கரு-சைட்டோபிளாசப் பிணக்கம்'. செடிகளில் வளமான மகரந்தம் உண்டாகாத சிலவகை ஆண் மலடு அதன்கீழ் வரும். 'கருக்கணிகப் பிணக்கம்' என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். விதையியலில் கரு என்றால் முளைக்கரு, குழப்பம் வரும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.