விதி முதலா, கை முதலா? ஜெட்டியில் இடித்தவனின் கேள்வி

புதுத்துடுப்பு:
வணக்கம். ஆறு மீட்டர் மோட்டார் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்கு இல்லை, விடுமுறையில் குடும்பத்தோடு சுற்றிவரத்தான். மூன்று வாரமாக வகுப்பில் விளக்கு நிறம், ஒலிக்குறி, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று மனப்பாடம். போன ஞாயிறுதான் முதல்முறையாக ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தார்கள். படகின் இடப்பக்கம் ஜெட்டியை, அதாவது படகு கட்டும் மேடையை, ஒட்டி இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன், கியர் போட்டேன், சாலை ஓரத்திலிருந்து காரை எடுப்பதுபோல வலப்பக்கம் ஒடித்தேன். முன்பக்கம் அழகாக விலகியது. பின்பக்கம் டமார் என்று ஜெட்டியில் போய் இடித்தது. பயிற்சியாளர் திட்டவில்லை; குனிந்து கீறலைத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

என் கேள்வி இதுதான். மனப்பாடம் செய்த விதி ஒன்றுகூட அங்கே உதவவில்லை. முதலில் படகைக் கையாளக் கற்றுக்கொண்டு, விதிகளை அப்புறம் பார்த்துக்கொண்டால் என்ன?

சுக்கான்பிடி:
தம்பி, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கைதான் முதலில். கார் முன்னால் திரும்பும், பின்பக்கம் பின்தொடரும். படகு நேர் எதிர். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் புரொப்பல்லர் பின்பக்கத்தை இடப்பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் முன்பக்கம் வலப்பக்கம் பார்க்கிறது. முன்னே போகும்போது படகு சுழலும் புள்ளி, முன்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் வெளியே வீசும். உங்கள் ஜெட்டி அந்த வீச்சுக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

இதை எந்த வகுப்பறையிலும் உடம்புக்குப் புரியவைக்க முடியாது. பிரேக் கிடையாது. அவுட்போர்டில், அதாவது படகின் பின்னால் மாட்டிய இன்ஜினில், நியூட்ரலுக்கு வந்துவிட்டால் ஸ்டியரிங்கும் பேருக்குத்தான். காற்று அடித்தால் முதலில் தள்ளப்படுவது லேசாக இருக்கும் முன்பக்கம். இவ்வளவும் கைக்கு வந்த பிறகு விளக்கு நிறத்தைப் படியுங்கள்.

நங்கூரம்:
சுக்கான்பிடி அண்ணா சொன்ன இயக்கம் எல்லாம் சரி. முடிவுதான் தப்பு. ஜெட்டியில் இடித்தால் கீறல் விழும். விதி தெரியாமல் வெளியே போனால் ஆள் போகும்.

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். மேல்தளத்தில் நின்று பார்த்தால் கப்பலின் முன்முனைக்கு நேர் கீழே இருக்கும் கடல் தெரியாது. அந்த மறைவு கப்பலின் இரு மடங்கு நீளம் அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதாவது அரை கிலோமீட்டர் தெரியாமல் போவது அனுமதிக்கப்பட்ட நிலை! கையாளுவதில் கில்லாடியான ஒருவர் அந்த மறைவுக்குள் குறுக்கே போய்க்கொண்டிருப்பார், 'அவருக்கு என்னைத் தெரியும்' என்ற நம்பிக்கையில். குறுகிய கால்வாயில், அதற்குள் மட்டுமே பாதுகாப்பாகப் போகக்கூடிய கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த படகு இடையூறாக இருக்கக் கூடாது என்று, கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளில் 9ஆம் விதி சொல்கிறது. ஏன் சொல்கிறது என்று மேலே நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

இன்னொன்று. இரவில் தொலைவில் ஒற்றை வெள்ளை விளக்கு. என்ன அது?

சுக்கான்பிடி:
கரையில் எரியும் விளக்காகக்கூட இருக்கலாம். கிட்டே போனால் தெரிந்துவிடும்.

நங்கூரம்:
பார்த்தீர்களா. 'கிட்டே போனால்' என்பதுதான் பிரச்சினை.

அது நமக்கு முன்னால் போகும் படகின் பின்விளக்காக இருக்கலாம். அப்படியென்றால் நாம்தான் முந்துகிறவர், ஒதுங்க வேண்டியது நாம். நங்கூரமிட்டு நிற்கும் படகாக இருக்கலாம். அது நகரவே நகராது. ஏழு மீட்டருக்குக் குறைந்த, ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல்மைல்) வேகத்துக்கு மேல் போகமுடியாத சின்ன மோட்டார் படகாக இருக்கலாம். அதற்கு ஒற்றை வெள்ளை விளக்கே போதும், அது நம்மை நோக்கியும் வரலாம். ஒரே விளக்கு, மூன்று அர்த்தம்.

பின்விளக்கு 135 பாகைக்குத் தெரியும். பக்க விளக்குகள், இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும், தலைக்கு 112.5 பாகை. கூட்டினால் சரியாக 360. இருட்டில் எதிராளியின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று அந்த நிறம்தான் சொல்லும். இதைக் கைப்பழக்கம் எப்படிச் சொல்லித்தரும்?

சுக்கான்பிடி:
சரி, விளக்கில் மாட்டிக்கொண்டேன். ஆனால் புத்தகப் புலிகளையும் பார்த்திருக்கிறேன். என் சிநேகிதர் ஒருவர், எல்லாப் பரீட்சையிலும் முழு மதிப்பெண். ஒரு நாள் இடப்பக்கத்திலிருந்து ஒரு படகு குறுக்கே வருகிறது. விதிப்படி அவன்தான் ஒதுங்க வேண்டும். அவன் திரும்பவே இல்லை, தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'வேகத்தைக் குறைங்க, குறைங்க' என்கிறேன். இவர் 'உரிமை எனக்குத்தான், போக்கை மாற்றக் கூடாது' என்று அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். நான்தான் கையை நீட்டி த்ராட்டிலை இழுத்தேன். இரண்டு படகு நீளம் தள்ளிப் போனான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நங்கூரம்:
உங்கள் சிநேகிதர் 17ஆம் விதியின் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறார். அந்த விதிகளில் 'உரிமை' என்று யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருவர் வழிவிட வேண்டும், மற்றவர் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டுமே கடமை. அடுத்த வரியிலேயே, எதிராளி உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தெரிந்தால் நீ செயல்படலாம் என்கிறது. அவன் மட்டும் ஒதுங்கினால் போதாது என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால், செயல்பட்டே ஆக வேண்டும் என்கிறது. அப்போதும் ஒரு எச்சரிக்கை: இடப்பக்கத்தில் இருக்கும் படகுக்காக, முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாதே. அவன் கடைசி நொடியில் விழித்துக்கொண்டு வலப்பக்கம் ஒடித்தால் இருவரும் ஒரே இடத்தில் போய் முட்டுவீர்கள்.

முதலில் ஐந்து குறும் ஒலி கொடுத்திருக்க வேண்டும். 'நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை' என்று அதற்கு அர்த்தம். 12 மீட்டருக்குக் குறைந்த படகில் பெரிய ஊதல் கட்டாயமில்லை, ஆனால் காதில் விழும்படி ஒலி எழுப்ப ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

ஆக, அவர் விதியால் கெட்டவர் இல்லை, அரைகுறை விதியால் கெட்டவர்.

பாய்மரக்காரி:
இரண்டு அண்ணன்மாரும் சண்டை போடுங்கள், நடுவில் பாயை வைத்துக்கொண்டு நான் தவிக்கிறேன். மோட்டார் படகுக்காரர்களில் பாதிப் பேர் வழிவிடுகிற விதம் எப்படித் தெரியுமா? ஐந்து பாகை திரும்புவார்கள், கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஐந்து பாகை. அவர்கள் கணக்கில் ஒதுங்கிவிட்டார்கள். என் கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. எதிராளிக்குப் பளிச்சென்று தெரியும் அளவுக்கு மாற்று, சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டே இராதே என்று 8ஆம் விதி சொல்கிறது. விதியைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், கை கூச்சப்படுகிறது. இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

எங்கள் ஆட்களையும் விடமாட்டேன். பாய் விரித்தால் கடலே தங்களுக்கு எழுதிவைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாய்மரப் படகு மோட்டார் படகை முந்தினாலும் ஒதுங்க வேண்டியது முந்துகிறவர்தான். பாயோடு சேர்த்து இன்ஜினும் ஓடினால் அது விதிப்படி மோட்டார் படகு, பாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

புதுத்துடுப்பு:
அக்கா, இவ்வளவும் 'மோதல் அபாயம் இருந்தால்' என்றுதானே தொடங்குகிறது? அபாயம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தூரத்தில் வரும் எல்லாப் படகும் என்னை நோக்கி வருவதுபோலவே இருக்கிறது.

பாய்மரக்காரி:
நல்ல கேள்வி, எங்கள் மூன்று பேரையும் விட. படகை ஒரே திசையில் செலுத்து. தலையை ஆட்டாமல் உட்கார்ந்து, எதிர்ப்படகை உன் படகின் கைப்பிடிக் கம்பி ஒன்றோடு நேர்படுத்திப் பார். அரை நிமிடம் கழித்து மறுபடி பார். கம்பிக்கு முன்னால் நகர்ந்திருந்தால் உனக்கு முன்னே போய்விடும். பின்னால் நகர்ந்திருந்தால் பின்னே போகும். கம்பியோடு ஒட்டியபடியே பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதப்போகிறீர்கள். திசைகாட்டி இருந்தால் அதில் பாகையைக் குறித்துக்கொள், இன்னும் நல்லது. பெரிய கப்பலுக்கும் மிக நெருக்கத்தில் இருப்பதற்கும் இதை மட்டும் நம்பாதே. அங்கே பாகை மாறினாலும் அபாயம் உண்டு.

சுக்கான்பிடி:
இது கடலில் உட்கார்ந்து கற்கும் வித்தை என்று ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா?

நங்கூரம்:
அந்தப் பாகைக் கணக்கு 7ஆம் விதியிலேயே இருக்கிறது அண்ணா.

ஓரக்கண்:
இடையில் ஒரு சந்தேகம். துறைமுகத்துக்குள் நுழையும்போது வழி காட்டும் சிவப்பு மிதவையை வலப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்தேன். அது சரிதானே?

சுக்கான்பிடி:
தப்பு. இடப்பக்கம்.

நங்கூரம்:
இரண்டும் சரி. உலகத்தில் மிதவைக்கு இரண்டு மண்டலங்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை பி மண்டலம். கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு வலப்பக்கம். மற்ற இடங்கள் ஏ மண்டலம், சிவப்பு இடப்பக்கம். நீங்கள் படித்தது பி மண்டலத்துப் புத்தகமாக இருக்கும். இதைக் கையால் கண்டுபிடிக்கப் பார்த்தால் பாறை சொல்லிக்கொடுக்கும்.

சுக்கான்பிடி:
சரி சரி, குத்தாதீர்கள். ஆனால் ஒரு கணக்கு போடுங்கள். இரண்டு படகு, தலைக்கு 20 நாட் வேகம், நேருக்கு நேர். அரைக் கடல்மைல் இடைவெளி, அதாவது 926 மீட்டர். எவ்வளவு நேரம் இருக்கிறது? 45 விநாடி. அதற்குள் பார்க்க வேண்டும், விதி நினைவுக்கு வர வேண்டும், கை திரும்ப வேண்டும், பின்னால் நிற்கும் பிள்ளை விழாமல் இருக்க வேண்டும். நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தெரிவது வேறு, கை தானாகச் செய்வது வேறு.

அந்தப் பிள்ளை விழுந்தே விட்டது என்று வையுங்கள். எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? விழுந்த பக்கமே. பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும், புரொப்பல்லர் ஆளைவிட்டு விலகும். தம்பி, உங்களை ஜெட்டியில் இடிக்கவைத்த அதே வீச்சுதான் அங்கே உயிரைக் காப்பாற்றுவது. அந்தக் கீறலை நினைத்து வருத்தப்படாதீர்கள். இன்ஜினை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றைக் கையிலோ காலிலோ மாட்டாமல் மட்டும் இன்ஜினை இயக்காதீர்கள். நீங்களே விழுந்தால் இன்ஜின் அணைய வேண்டும்.

நங்கூரம்:
இந்தப் பதிவுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. 45 விநாடிக் கணக்கை மட்டும் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் 1972இல் உலகத்துக்கே ஒரே விதிகளை வகுத்து, 1977 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எதிரில் வருபவரோடு பேச நேரமில்லை. அவர் என்ன செய்வார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

புதுத்துடுப்பு:
ஜெட்டியை விட்டு எப்படிக் கிளம்பியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லையே?

சுக்கான்பிடி:
அட, ஆமாம். முன்முனையிலிருந்து ஒரு கயிற்றைப் பின்னோக்கி ஜெட்டியில் கட்டு. முன்முனைக்கும் ஜெட்டிக்கும் நடுவே இடி தாங்கும் காற்றுப்பை (ஃபெண்டர்) ஒன்றைத் தொங்கவிடு. ஸ்டியரிங்கை ஜெட்டிப் பக்கமே திருப்பி, முன் கியரில் மெதுவாக வை. கயிறு படகை முன்னே போகவிடாது, பின்பக்கம் தானாக வெளியே விலகும். போதுமான அளவு விலகியதும் நியூட்ரல், ஸ்டியரிங்கை நேராக்கு, கயிற்றை எடு, ரிவர்ஸ். அவசரப்படாதே.

புதுத்துடுப்பு:
இன்று மறுபடி போனேன். கயிற்று வித்தை இரண்டாம் முறையே வந்துவிட்டது. அப்புறம் தண்ணீரில் ஒரு மிதவையைப் போட்டு, காற்றை எதிர்த்து வந்து அதன் பக்கத்தில் நிறுத்தும் பயிற்சி. பத்தில் மூன்று முறைதான் கைக்கு எட்டியது. ஏழாவது முறை வரும்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு படகு குறுக்கே வந்தது. கம்பியோடு ஒட்டியே பெரிதாகியது. வழிவிட வேண்டியது நான் என்று தெரிந்தது, பதற்றமில்லை. நியூட்ரலுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். அவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

நங்கூரம்:
அருமை. வேகத்தைக் குறைப்பதும் நிற்பதும் 8ஆம் விதியிலேயே இருக்கிறது.

சுக்கான்பிடி:
நியூட்ரலுக்கு வந்ததும் முன்பக்கம் எங்கே போனது?

புதுத்துடுப்பு:
காற்றோடு இடப்பக்கம் சாய்ந்தது. ஏன்?

சுக்கான்பிடி:
நீ இடப்பக்கம் திரும்பி அவருக்கு முன்னால் வரப்போகிறாயோ என்று ஒரு நொடி அவர் பயந்திருப்பார். அடுத்த முறை முழுசாக நியூட்ரலுக்கு வராதே. மெதுவான முன் கியரிலேயே வைத்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் நன்றாகத் திருப்பி, அவர் பின்னால் போகப்போகிறாய் என்று காட்டு.

பாய்மரக்காரி:
ஐந்து பாகை இல்லை. நன்றாக.