இருட்டி விளக்கு எரிந்ததும் ஆர்.சி.சி.பி. விழுகிறது: கேட் விளக்கு, டே-நைட் சென்சார் – உதவி தேவை

கேள்வி (தென்காசி)

வணக்கம். எங்கள் வீட்டுக் கேட் தூணின் மேல் 15 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றும், அது மாலையில் தானாக எரிந்து காலையில் அணைவதற்காக மூன்று வயர் கொண்ட டே-நைட் சென்சார் ஒன்றும் அண்மையில் பொருத்தினோம். பகல் முழுவதும் எந்தத் தொந்தரவும் இல்லை. பொழுது சாய்ந்து, சென்சாருக்குள் ரிலே (விளக்கை இயக்கும் தானியங்கி சுவிட்ச்) சேரும் 'டிக்' ஓசை கேட்டதும் விளக்கு ஒருமுறை மின்னுகிறது, உடனே டி.பி.யில் (மின்பங்கீட்டுப் பெட்டியில்) உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து, வீடே இருண்டுவிடுகிறது. பகலில் சென்சாரைக் கறுப்புத் துணியால் மூடினாலும் இதேதான் நடக்கிறது.

விளக்கில் கசிவு இருக்கும் என்று எண்ணி வேறு விளக்கு மாட்டினோம், சென்சாரையும் மாற்றினோம், பலனில்லை. விளக்கைக் கழற்றிவிட்டால் சென்சார் மட்டும் ஒழுங்காக இயங்குகிறது. அதே விளக்கில் பிளக் வைத்து வீட்டுக்குள் சாக்கெட்டில் செருகினால், விடிய விடிய எரிகிறது. கோளாறு எங்கே இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (வயரிங் பணியில் இருப்பவர், ஈரோடு)

விழுவது ஆர்.சி.சி.பி.தானா, பக்கத்தில் உள்ள எம்.சி.பி.யா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள் ஐயா. இரண்டும் வெவ்வேறு கதை. எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது அதிக லோடு, ஆர்.சி.சி.பி. விழுந்தால், பேஸில் (மின்சாரம் வரும் வயரில்) போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் (அது திரும்பும் வயர்) வழியாக ஆர்.சி.சி.பி.க்குத் திரும்பி வரவில்லை என்று பொருள்.

அடுத்து, சென்சார் வயர்களின் நிறம். சந்தையில் கிடைக்கும் பல சென்சார்களில் கறுப்புதான் பேஸ் உள்ளே வருவது, வெள்ளை நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. நம் ஊர் வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல், சிவப்பு என்றால் பேஸ். கை பழகிய நிறத்தை நம்பி மாற்றி இணைத்தால், சென்சார் உயிரற்றுக் கிடக்கும். ரிலே சேர்ந்த நிலையில் இருந்தாலோ பேஸும் நியூட்ரலும் நேராகச் சேர்ந்து வெடிக்கும். எல்லா நிறுவனமும் ஒரே நிறத்தைப் பின்பற்றுவதில்லை என்பதால், சென்சாரின் உடலில் ஒட்டியிருக்கும் படத்தை மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: கேட்டில் இருக்கும் நியூட்ரல் எங்கிருந்து வருகிறது?

மறுமொழி (மதுரை)

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? 30க்குப் பதிலாக 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் இருக்கிறது, விழுவதே இல்லை.

கேள்வி கேட்டவர்

விழுவது ஆர்.சி.சி.பி.தான், அதில் உள்ள டெஸ்ட் பட்டனைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சென்சார் வயர்கள் படத்தில் உள்ளபடியே இணைக்கப்பட்டுள்ளன. நியூட்ரலைப் பற்றி எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். சிட்-அவுட் சுவிட்சிலிருந்து பேஸ் வயர் மட்டுமே கேட் வரை இழுத்தாராம்; சென்சாருக்கும் விளக்குக்கும் உரிய நியூட்ரலைத் தூணுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் மோட்டார் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாராம். மோட்டார் லைன் மெயினிலிருந்து தனி எம்.சி.பி. வழியாக வருகிறது; அது ஆர்.சி.சி.பி.க்குள் வராது.

மறுமொழி (ஈரோடு)

கோளாறு அங்கேதான். ஆர்.சி.சி.பி. தன் வழியாக வெளியே போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பி வருவதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் கருவி. உங்கள் விளக்குக்கான மின்னோட்டம் அதன் வழியாகப் போகிறது. ஆனால் மோட்டார் நியூட்ரல் வழியாக, அதைத் தொடாமலே மெயினுக்குத் திரும்பிவிடுகிறது. ஆர்.சி.சி.பி.யின் கணக்கில் அது முழுவதும் கசிவுதான். 15 வாட் விளக்கு 230 வோல்ட்டில் குறைந்தது 65 மில்லி ஆம்பியர் இழுக்கும், சாதாரண எல்.இ.டி. விளக்குகளின் உள்ளிருக்கும் டிரைவர் சுற்றில் பவர் பேக்டர் குறைவு (அதே வாட்டுக்கு அதிக மின்னோட்டம் இழுக்கும்) என்பதால் அது 100ஐத் தாண்டவும் கூடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல், 30க்குள் விழ வேண்டும் என்பது தரக்கணக்கு. பகலில் சென்சார் தனக்காக இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். அதனால்தான் இருட்டும் வரை அமைதி. விளக்கோ சென்சாரோ கெட்டுப் போகவில்லை.

உறுதி செய்ய விரும்பினால், மெயின், ஆர்.சி.சி.பி., இன்வெர்ட்டர் மூன்றையும் அணைத்து, கேட்டில் மின்சாரம் இல்லை என்று பார்த்தபின், மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வையுங்கள். ஒரு முனையைக் கேட் நியூட்ரலிலும், மறு முனையை நீளமான வயர் சேர்த்து, ஆர்.சி.சி.பி.க்கு உட்பட்ட ஏதாவது ஒரு சாக்கெட்டின் நியூட்ரலிலும் வையுங்கள். நியூட்ரல் ஒன்றே என்றால் பீப் அடிக்கும். அடிக்காவிட்டால் வேறு நியூட்ரல். டெஸ்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த நியூட்ரலைத் தொட்டாலும் அது எரியாது.

மதுரை நண்பரின் யோசனை வேண்டாம். 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, ஷாக் அடிக்கும் மனிதரைக் காப்பாற்றப் போதாது. அதைவிடப் பெரிய ஆபத்து இந்தக் கடன் வாங்கிய நியூட்ரலிலேயே இருக்கிறது. நாளை மோட்டார் மெக்கானிக் ஒருவர் மோட்டார் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, லைன் செத்துவிட்டது என்ற நம்பிக்கையில் பெட்டிக்குள் நியூட்ரல் இணைப்பைப் பிரித்தால், கேட் விளக்கின் வழியாக வந்த பேஸ் அந்த வயர் முனையில் காத்திருக்கும். அவர் கையில் ஈரமும் இருக்கும், காலடியில் ஈரமும் இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. சிட்-அவுட் பெட்டியில், அதே ஆர்.சி.சி.பி.க்கு உட்பட்ட நியூட்ரலிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரை, பேஸ் போகும் அதே பைப்பில் கேட் வரை இழுங்கள். கூடவே பச்சை எர்த் வயரும் போகட்டும். சென்சாரின் வெள்ளையும் விளக்கின் நியூட்ரலும் இந்தக் கறுப்பில் சேர வேண்டும். மோட்டார் பெட்டியிலிருந்து வந்த வயரை இரு முனையிலும் கழற்றி எடுத்துவிடுங்கள். டேப் சுற்றி அப்படியே விட்டுவைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மீட்டரில் பீப் அடிக்கவில்லை. எலெக்ட்ரீஷியனை மறுபடியும் வரவழைத்து, நீங்கள் சொன்னபடி புதிய நியூட்ரல் இழுத்தாயிற்று, ஆர்.சி.சி.பி. இப்போது விழுவதில்லை. ஆனால் விளக்கு சற்று நேரம் எரிகிறது, அணைகிறது, மறுபடியும் எரிகிறது. இரவு முழுவதும் இப்படியே நடக்கிறது. இதுவும் வயரிங் கோளாறா?

மறுமொழி (கோயம்புத்தூர்)

இல்லை, சென்சார் தன் விளக்கின் ஒளியையே பார்த்து, விடிந்துவிட்டது என்று அணைக்கிறது. வாகன வெளிச்சம் பட்டு ஏமாறாமல் இருக்கச் சற்றுத் தாமதித்தே முடிவெடுக்கும்படி இவை அமைக்கப்பட்டிருப்பதால்தான், விளக்கு உடனே அணையாமல் கொஞ்ச நேரம் எரிகிறது. சென்சாரைத் தூணின் மறுபக்கத்திலோ விளக்குக்கு மேலேயோ, கண் வானத்தைப் பார்க்கும்படி மாற்றுங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் போதும், அதை ஏமாற்ற. வயர்கள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும்; மேலே துளை போட்டால், முதல் ஐப்பசி மழைக்கே பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, உண்மையான கசிவுக்கு ஆர்.சி.சி.பி. விழத் தொடங்கும்.