பரணில் கிடந்த கிளாசிக்கல் கிட்டார்: சரிசெய்து விற்கலாமா?

கேள்வி:
சித்தப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு யமஹா சி40 கிடைத்தது. பத்து வருடமாவது யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கம்பி கட்டுகிற பிரிட்ஜ் பின்பக்கம் எழும்பியிருக்கிறது, விசிட்டிங் கார்டைச் செருகினால் பாதி உள்ளே போகிறது. கம்பிகள் ரொம்ப உயரம், பத்து நிமிடம் வாசித்தாலே விரல் எரிகிறது. ஃபெவிக்விக் விட்டு அழுத்திவிட்டு மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில் 1:
தயவுசெய்து இரண்டுமே வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், மெல்லிய மூன்று கம்பிகள் தூண்டில் நரம்பு மாதிரி வழவழப்பாக இருக்கின்றனவா, இல்லை உலோகமா?

கேட்டவர்:
உலோகம்தான். ஆறுமே.

பதில் 1:
அப்போது காரணம் அதுதான். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையில் இழுக்கும், சாதாரண ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிட்டாரின் மேல் பலகையும் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சட்டங்களும் அந்த இழுவைக்காகச் செய்தவை அல்ல. இன்றே எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிடுங்கள், ஒன்றை மட்டும் சட்டென்று வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

பதில் 2:
ரிப்பேர் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். ஃபெவிக்விக் விட்ட பிரிட்ஜ் என்னிடம் வரும்போதுதான் மனசு கஷ்டப்படும், அடுத்த முறை பிரிக்கையில் மேல் பலகையின் மரமும் சேர்ந்து பிய்ந்து வருகிறது. முறையான வழி இதுதான்: பிரிட்ஜைச் சூடுபடுத்தி மெல்லிய தகட்டால் முழுதாகக் கழற்றி, பழைய பசையை இரண்டு பக்கமும் சுரண்டி, மரப்பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் அசைக்காமல் விடுவது. இதை முதல்முறையாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நைலான் கம்பி மாட்டிய பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் (நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அதற்கு மேலே கம்பி இருக்கும் உயரத்தை அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு 4 மி.மீ., மெல்லியதற்கு 3 மி.மீ. இருந்தால் போதும். அங்கே 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் (பிரிட்ஜில் செருகியிருக்கும், கம்பிகள் மேலே தங்கும் மெல்லிய துண்டு) 2 மி.மீ. தேய்க்க வேண்டும். அடிப்பக்கத்தை உப்புத்தாளில் வைத்துத் தேய்க்க வேண்டும், மேல் வளைவைத் தொடக் கூடாது. அதற்கு முன்னால் நெக் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வளைந்திருந்தால் இந்த விலைக் கிட்டாருக்குப் பெரிய செலவு செய்வது வீண்.

பதில் 3:
விற்பதைப் பற்றி. சி40-இன் மேல் பலகை பிளைவுட். ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தால் அடுக்கு தெரியும். முழு மரமாக இருந்தால் மேலே தெரிகிற ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கும். அதனால் புதியதன் விலையில் பாதி கிடைத்தாலே நல்ல விலை என்பேன். வார்னிஷ் பூசினால் ஒலி மந்தமாகும், வாங்குகிறவருக்கும் எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். பிரிட்ஜ் ஒட்டியதைப் படத்தோடு விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள், என் கிட்டாரை அப்படித்தான் விற்றேன், வாங்கிய பெண் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பி வந்ததாகச் சொன்னார். புது நைலான் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
கம்பிகளைக் கழற்றிவிட்டேன். நெக் நேராகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை ரிப்பேருக்குக் கொடுக்கிறேன், ரொம்ப நன்றி.